ஸ்கண்டிநேவிய ஹொட்டல்களும் "கவனிப்பு இல்ல" என்ற குறையும்

ஊர் குரூப்பில் போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார்: டென்மார்க், சுவீடன், நோர்வே பக்கம் குடும்பத்தோடு போனால் எந்த ஊரில் எப்படியான ஹொட்டலில் தங்கலாம் என்று. நியாயமான கேள்வி. ஆனால் கீழே வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுத்தான்: "காசுதான் கூட, கவனிப்பு ஒண்டும் இல்ல." "பேக்கத் தூக்க ஒரு ஆள் கூட வராது" என்று ஒருவர். "நம்மட உல்லையில கிடைக்கிற உபசரிப்பு அங்க வருமா?" என்று இன்னொருவர். அதற்கு நாற்பது லைக்.

இந்தக் "கவனிப்பு" என்ற சொல்லில் எனக்குக் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், கேட்டவருக்குப் பயன்படுகிற விசயம்.

சென்ற வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் இருப்பது தென் சுவீடனில். மச்சான் லீவு எடுத்து இரண்டு கிழமை எங்களைச் சுற்றிக் காட்டினார். கொப்பன்ஹேகன், மல்மோ, ஸ்டொக்ஹோம், ஹெல்சிங்கி, ஒஸ்லோ, பேர்கன் என்று ஆறு ஊர்களில் ஹொட்டலில் தங்கினோம். பில் எல்லாம் மச்சான்தான். பேர்கனில் இரண்டு இரவுக்கு அவர் கட்டிய காசு என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. ஆகவே இது பணக்காரன் எழுதும் பதிவு அல்ல, பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்தவன் எழுதும் பதிவு.

கணக்கு என்றதும் ஒன்று. மூன்று நாட்டிலும் காசின் பெயர் குரோனர், குரோனா என்று கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மூன்றும் வேறு வேறு காசு. டென்மார்க் குரோனர் யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு 7.46 அளவில் நிற்கும். சுவீடன் காசும் நோர்வே காசும் அண்மைக் காலத்தில் ஒரு யூரோவுக்கு 11, 12 என்ற அளவில் ஓடுகின்றன. அதாவது கொப்பன்ஹேகனில் "1000" என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 134 யூரோ. ஸ்டொக்ஹோமில் அதே "1000" என்றால் 90 யூரோ பக்கம். புக்கிங் பார்க்கும்போது எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். யூரோவுக்கோ நம்மட ரூபாவுக்கோ மாற்றிப்போட்டு ஒப்பிடுங்கள். பின்லாந்தில் யூரோவேதான்.

வரியும் வேறு. டென்மார்க்கில் ஹொட்டல் அறைக்கு வற் 25 வீதம். சுவீடனிலும் நோர்வேயிலும் 12 வீதம். கொப்பன்ஹேகன் ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையின் அளவைச் சதுர அடியில் சொன்னால் நமக்குப் பிடிபடாது. முசல்லாக் கணக்கில் சொல்கிறேன். (கிப்லா அங்கே தென்கிழக்கு. வாழ்நாள் முழுக்க மேற்கைப் பார்த்துத் தொழுத உம்மாவுக்கு முதல் இரண்டு நாளும் அதுவே பெரிய புதினம்.) கொப்பன்ஹேகனில் எங்களுக்குக் கிடைத்த அறை ஒரு முசல்லா அறை. அதுவும் சூட்கேஸைக் கட்டிலில் ஏற்றி வைத்தால்தான். கட்டிலுக்கு மேல் கட்டில், சுவரோடு மடிக்கிற மேசை, அலுமாரி அளவில் ஒரு பாத்ரூம். அந்த ஊரில் மலிவு ஹொட்டல் என்று தேடினால் இப்படிக் கப்பல் கெபின் பாணி அறைகள்தான் முன்னுக்கு வரும். "என்ன மகன் இது, ஹஜ்ஜுக்குக் கப்பல்ல போற மாதிரி" என்றார் உம்மா. ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

அதே ஊரின் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ரோயல் ஹொட்டல் நிற்கிறது. ஆர்ன யாகொப்சன் என்ற கட்டடக் கலைஞர் கட்டடத்திலிருந்து கதிரை, கரண்டி வரை தானே வடிவமைத்தது. உலகம் முழுக்கப் படங்களில் பார்க்கிற அந்த "முட்டை" கதிரையும் "அன்னம்" கதிரையும் இந்த ஹொட்டலுக்காகச் செய்தவை. 606ஆம் இலக்க அறையை மட்டும் அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். இப்போது வேறு பெயரில் நடக்கிறது. நாங்கள் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

கொப்பன்ஹேகனைப் பார்க்க ஆசை, காசு போதாது என்றால் ஒரு வழி உண்டு. பாலம் தாண்டி சுவீடன் பக்கம் மல்மோவில் தங்குங்கள். 2000ஆம் ஆண்டு திறந்த ஒரசுண்ட் பாலத்தில் ரயில் 40 நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும். எங்களுக்கு மல்மோவில் கொப்பன்ஹேகனை விடக் குறைந்த விலைக்கு மூன்று முசல்லா அறை கிடைத்தது, காலைச் சாப்பாட்டோடு. ஆனால் ரயில் காசையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால் லாபம். ஆறு பேர் தினமும் போய்வந்தால் மிச்சம் பிடித்தது ரயிலில் போய்விடும். பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சுவீடன் பக்கம் நுழையும்போது கேட்பார்கள்.

இனி, யாரும் வெளியில் சொல்லாத, ஆனால் எல்லாருக்கும் தேவையான விசயம்: தண்ணீர். டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றிலும் நாங்கள் தங்கிய ஒரு ஹொட்டலிலும் டொயிலட்டில் கழுவுகிற குழாய் இல்லை. நட்சத்திரம் கூடினாலும் இல்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தல் பேக்கில் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவுக் கப்பலில் ஸ்டொக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கி போய் இறங்கி, ஹொட்டல் பாத்ரூம் கதவைத் திறந்தால், பேசினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, நம்மட வீட்டில் இருக்கிற அதே கைச் சவர்! உம்மா அங்கேயே நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பின்லாந்தில் அது எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரணச் சாமானாம். கண்டிப்பாகச் சொன்னால் பின்லாந்து ஸ்கண்டிநேவியாவுக்குள் வராது, பாசையும் வேறு. ஆனால் வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே ஹெல்சிங்கியை இந்தப் பட்டியலில் சேர்த்தேன்.

குடிக்கிற தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆறு ஊரிலும் பாத்ரூம் குழாய்த் தண்ணீரையே அந்த ஊர்க்காரர் குடிக்கிறார்கள். மினரல் வோட்டர் போத்தலுக்கு ஹொட்டலில் வாங்குகிற காசைக் கேட்டால் தாகம் போய்விடும். கொப்பன்ஹேகன் தண்ணீரில் மட்டும் சுண்ணாம்பு கூட, தேத்தண்ணி வைத்தால் மேலே ஆடை படரும். தேத்தண்ணி என்றதும், அறையில் கேத்தல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பல ஹொட்டல்களில் கீழே கோப்பி மெஷின்தான். ராத்தா ஒரு சின்னக் கேத்தலைப் பேக்கில் கொண்டுவந்திருந்தா. ஆறு ஊரிலும் எங்களுக்கு அதுதான் ஆறாவது ஆள்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு போடலாம். இந்த நாடுகளில் ஹொட்டலை ஒப்பிட எனக்கு அதுதான் சரியான அளவுகோல். பெரிய சங்கிலி ஹொட்டல்களில் அது அறை விலைக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியில் ஒரு பாணும் முட்டையும் சாப்பிடுகிற விலையைப் பார்த்தால், காலைச் சாப்பாடு இல்லாத "மலிவு" அறை கடைசியில் மலிவு இல்லை. ஸ்டொக்ஹோமில் ஊறுகாய் போல் போட்ட ஹெரிங் மீன், இனிப்பும் புளிப்புமாக நாலைந்து வகை. "மீனுக்குச் சீனியா?" என்று உம்மா ஒதுக்கிவிட்டார். நீல டியூபில், பற்பசை மாதிரிப் பிதுக்கிப் பாணில் பூசுகிற மீன் முட்டைப் பசை ஒன்று, சுவீடன்காரருக்கு அது உயிர். கிறீம் கிறேக்கருக்குப் பெரிய காக்கா மாதிரி ஒரு மொறுமொறு ரொட்டி. டென்மார்க்கில் கறுத்த ரை பாண், கல் போல் கனம், ஆனால் மத்தியானம் வரை பசிக்காது. நோர்வேயில் தொதல் நிறத்தில் ஒரு சீஸ், ருசியும் கொஞ்சம் டொபி மாதிரி. பிள்ளைகள் இதய வடிவ வாஃபிள்களைத் தாங்களே வார்த்துச் சாப்பிட்டார்கள், பின்னால் வரிசை நின்றது. உம்மாவுக்கு முகம் மலர்ந்தது பேர்கனில்தான்: தக்காளிச் சோஸில் போட்ட டின் மீன்! நோர்வேக்காரர் அதைக் காலையில் பாணோடு சாப்பிடுகிறார்கள். பச்சை மிளகாயும் தேசிக்காயும் மட்டும்தான் குறை.

ஒரு கவனம். "லீவர்போஸ்ட்டை", "லெவர்பஸ்தெய்" என்று எழுதி வைத்திருக்கிற ஈரல் பசை பெரும்பாலும் பன்றி ஈரல். பார்க்க சாதாரணப் பூசுபொருள் மாதிரி இருக்கும். பேக்கன் தட்டும் முட்டைத் தட்டும் பக்கத்துப் பக்கத்தில், இடுக்கி ஒன்று. வேளைக்கே, வைத்தவுடன் போனால் நல்லது. கேட்டால் குசினியிலிருந்து தனியாக முட்டை அவித்துத் தருவார்கள், மூன்று ஊரில் கேட்டோம், மூன்றிலும் முகம் சுழிக்கவில்லை. மீன், முட்டை, பாண், பழம் இருக்கிற இடத்தில் நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஸ்டொக்ஹோமில் தங்குகிறவர்களுக்கு இரண்டு வித்தியாசமான இடம் உண்டு. லொங்ஹொல்மன் தீவில் 1975இல் மூடிய ஒரு சிறைச்சாலை இப்போது ஹொட்டல். நகர நடுவில் கட்டியிருக்கும் 1888இல் செய்த "அஃப் சப்மன்" என்ற பாய்க்கப்பல் 1949இலிருந்து ஹொஸ்டல். பிள்ளைகளுக்குக் காட்டவே ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஹொஸ்டல் வகையில் கட்டில் விரிப்புக்குத் தனிக் காசு கேட்கிற வழக்கம் உண்டு, போகும்போது விரிப்பை நாமே கழற்றிப் போடவும் வேண்டும். விலையில் ஒரு புதினம்: நம்மட நாட்டில் சனி ஞாயிறு விலை ஏறும். ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் அனேகமாக இறங்கும், ஜூலையிலும் இறங்கும். அங்கே அறை நிரப்புவது வேலை விசயமாக வருகிறவர்கள், அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் ஹொட்டல் காலி. பேர்கன் அப்படியில்லை. பியோர்ட் பார்க்க உலகமே கோடையில் வருவதால் ஆறு ஊரிலும் எங்களுக்கு அதிகம் செலவானது அங்கேதான். வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். ஒரு முசல்லா அறை, கதவைத் திறந்தால் தொழுகிறவர் காலில் படும். ஆனாலும் ஒஸ்லோவிலிருந்து 1222 மீற்றர் உயரத்து ஃபின்ஸ நிலையம் தாண்டி ஏழு மணித்தியாலம் ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு அந்த அறை மாளிகைதான்.

ஜூன் மாதம் போகிறவர்கள் திரைச்சீலை பற்றிக் கேட்டு வையுங்கள். ஸ்டொக்ஹோமில் அந்த மாதம் இரவு பத்து மணிக்குப் பிறகே சூரியன் மறைந்து விடியற்காலை மூன்றரைக்கு எழும்பிவிடும். கறுத்தத் திரை இல்லாத அறையில் தூக்கம் கனவுதான். இரட்டைக் கட்டிலில் ஆளுக்கொரு போர்வை தனித்தனியாக மடித்து வைத்திருப்பார்கள். இது அவர்களிடமிருந்து நாம் இறக்குமதி செய்யவேண்டிய ஏற்பாடு என்பது ராத்தாவின் தீர்ப்பு. மச்சான் கருத்துச் சொல்லவில்லை.

சரி, கவனிப்புக்கு வருகிறேன்.

உண்மைதான், பேக் தூக்க ஆள் வரவில்லை. ஒஸ்லோவில் நாங்கள் தங்கிய இடத்தில் ரிசப்ஷனே பெயருக்குத்தான். வாசலில் ஒரு மெஷின், புக்கிங் இலக்கத்தைத் தட்டினால் திறப்புக் காட் வெளியே வரும். அறையைத் தினமும் துப்பரவு செய்யவில்லை, வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லவேண்டும். காலைச் சாப்பாட்டுத் தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கவேண்டும். இதைத்தான் "கவனிப்பு இல்ல" என்கிறார்கள்.

ஏன் இப்படி? அங்கே மனிசனுடைய ஒரு மணித்தியால வேலை விலை கூடியது. அதனால் மெஷின் செய்யக்கூடியதை மெஷின் செய்கிறது, விருந்தாளி செய்யக்கூடியதை விருந்தாளி செய்கிறார், மனிசன்தான் செய்யவேண்டியதற்கு மட்டும் மனிசனை வைக்கிறார்கள். இந்த மூன்று நாட்டிலும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது என்றால் நம்புவீர்களா? தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதுகிற ஒப்பந்தம்தான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. 2016இல் நோர்வேயில் ஹொட்டல் ஊழியர்கள் கிட்டத்தட்ட நான்கு கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் ஹொட்டலிலேயே சம்பளம் பேசுகிற உரிமை வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை, வாங்கியும்விட்டார்கள். 2018இலிருந்து அந்தத் துறைக்குரிய அடிச் சம்பளம் சங்கத்தில் இல்லாத ஊழியருக்கும் கட்டாயம். பில்லில் சேர்விஸ் சார்ஜ் என்று தனி வரி இல்லை, டிப்ஸ் எதிர்பார்த்து யாரும் பக்கத்தில் நிற்பதும் இல்லை.

சுவர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒஸ்லோ ஹொட்டலில் எங்கள் மாடியைத் துப்பரவு செய்த பெண் எரித்திரியாக்காரி. ஹொட்டல் அவவை நேரடியாக வைத்திருக்கவில்லை, துப்பரவுக் கொம்பனி ஒன்றின் ஆள். ஒரு அறைக்கு இத்தனை நிமிடம் என்று கணக்காம், முதுகு போய்விட்டது என்றா. இந்த நாடுகளில் ஹொட்டல் துப்பரவில் கையைப் பார்த்தால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கைகள்தான். ஆனால் பேசிக்கொண்டிருந்தவ மூன்றரை ஆனதும் வண்டிலை ஓரமாக விட்டு, "பிள்ளையை எடுக்கவேணும்" என்று போய்விட்டா. பாதி துடைத்த நடைபாதை அப்படியே கிடந்தது. மனேஜர் கூப்பிடவில்லை. அந்த நேரத்தோடு அவவுடைய வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

இனி நம்மட உபசரிப்பு. என்னிடம் ஓ.எல். வரை படித்த பிள்ளை ஒருவன் கரையோர ஹொட்டல் ஒன்றில் ரூம்போய் வேலை செய்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போகிற வெள்ளைக்காரருக்குக் கோப்பி கொடுக்க எழும்பவேண்டும். இரவு கடைசி மேசை எழும்பும்போது பதினொன்று தாண்டும். படுப்பது சாமான் அறையில், மெத்தை அடுக்குக்குப் பக்கத்தில். சீசன் முடிந்தால் சேர்விஸ் சார்ஜ் இல்லை, அடிச் சம்பளத்தை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்டர்நெட்டில் அந்த ஹொட்டலுக்கு வந்த பாராட்டுகளை அவன் எனக்குக் காட்டினான். எந்த நேரம் கூப்பிட்டாலும் சிரித்த முகத்தோடு வருகிறான் என்று பெயர் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள். அவனுக்குப் பெருமை. எனக்கு வாசிக்க வாசிக்க நெஞ்சு என்னவோ செய்தது. எந்த நேரமும் என்றால், இவன் எப்போது தூங்குகிறான் என்று எழுதியவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நாற்பது லைக் விழுந்த உபசரிப்பு இதுதான். நமக்கு இயல்பாகவே விருந்தாளியைப் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. உம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவரைச் சாப்பிடாமல் விடமாட்டா. ஆனால் அது அவவுடைய வீடு, அவவுடைய விருப்பம். சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளையின் பதினெட்டு மணித்தியாலத்தை அதோடு சேர்த்து "நம்மட பண்பாடு" என்று விற்கக்கூடாது. கொப்பன்ஹேகன் ஹொட்டலில் நம்மட பேக்கை நாமே தூக்கியதில் எங்களுக்குக் கை தேயவில்லை. உம்மாவின் பேக்கை மச்சான் தூக்கினார்.

மெஷின் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மட ஊரில் மெஷினை விட மனிசனுக்கு வேலை தேவை. இரண்டு பேரை மாற்றி மாற்றி வைப்பதும், கிழமைக்கு ஒரு நாள் முழு லீவு கொடுப்பதும், படுக்க ஒரு ஒழுங்கான அறை கொடுப்பதும் முடியாத காரியமா? "அப்படிச் செய்தால் அறை விலையைக் கூட்டவேண்டி வரும், ஆள் வராது" என்று ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரக் காக்கா என்னோடு வாதாடினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரன் குறைத்துப் போட்டால் இவர் என்ன செய்வார். ஆனால் உல்லைக்கு வருகிறவர்களில் அந்த நாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். தங்கள் ஊரில் வேலையாளின் நேரத்துக்கு விலை கொடுத்துப் பழகினவர்கள். கெஸ்ட்ஹவுஸ்காரர் எல்லாரும் சேர்ந்து பேசி ஒரு அடி விலை வைத்தால், அதற்காக அவர்கள் வேறு கரைக்குப் போய்விடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

உல்லையிலும் பொத்துவிலிலும் கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிற சகோதரர்கள் இந்தப் பதிவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் நிற்கிற பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறான், எத்தனை மணிக்குப் படுக்கிறான், எங்கே படுக்கிறான் என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னது பிழை என்றால் அதையும் எழுதுங்கள், பேசுவோம். ஹொட்டல் விபரம் தேவையானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், மச்சானிடம் கேட்டு அனுப்புகிறேன்.